பூதத்தின் காதுக்குள் ஒரு ஙிங்கிணி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

இங்கே நான், இவர், சுண்டு மூவரும் சௌக்கியம். சுண்டுவுக்கு முன்பல் இரண்டும் ஒன்றாக விழுந்துவிட்டன. பல் டாக்டரின் வரவேற்பறையில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவளின் மகளா இது என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள். அண்ணியின் முதுகுவலி தேவலையா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஸ்டுடியோவில் வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக் கதைச் செயலியை நடத்தும் அம்மாள் நேற்று என்னைக் கூப்பிட்டார். நம்முடைய மூன்று கதைகளும் சக்கைப்போடு போடுகின்றனவாம். மாடிப்படி வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சுற்றப் போன கதையையும், மழை குடையை விழுங்கிய கதையையும் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். ஆனால் கொட்டாவி விடத் தெரியாத பூதம்தான் எல்லாருக்கும் செல்லம். அதை வைத்து ஒரு வருஷத்துக்குத் தொடர் செய்யலாம் என்கிறார். "கதையும் உங்களுது, குரலும் உங்களுதாத்தான் இருக்கணும். வேற ஆளை வச்சுப் படிக்க வைக்கிறதா இருந்தா எனக்கு வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒலி வேலைக்கு யார் என்று கேட்டார். எங்கள் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்ன?

எப்போதும் போலத்தான். நான் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசி அப்படியே உனக்கு அனுப்பிவிடுவேன். நீ என் இருமலையும் பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தத்தையும் எடுத்துவிட்டு, அவசரப்பட்ட இடத்துக்கெல்லாம் என்னைத் திட்டித் திரும்பப் பேச வைத்து, சுத்தமாக்கிச் செயலிக்கு அனுப்புவாய். என் குரலை நானே கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். அந்தப் பாவத்தை இன்றுவரை செய்ததில்லை.

இன்னொன்று. பூதக் கதை முழுக்கப் பின்னால் மெல்லிசாக ஒரு குரல் 'ஙீ' என்கிறதாம். அது யார், பூதத்தின் தங்கச்சியா என்று குழந்தைகள் எழுதிக் கேட்கிறார்கள். செயலிக்கார அம்மாளுக்கு அது கேட்கவே இல்லையாம். எனக்குத் தெரியாமல் நீ ஏதாவது குறும்பு செய்து வைத்திருக்கிறாயா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல். உடனே பதில் போடு.

உன் தங்கை


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு அளவில்லாத சந்தோஷம். நாங்கள் இருவரும் நலம். அண்ணிக்கு முதுகு பரவாயில்லை. சுண்டுவின் பொக்கை வாயைப் படம் எடுத்து அனுப்பு.

தொடர் விஷயம் ரொம்பப் பெரிய விஷயம். சின்ன வயதில் நீ வாயைத் திறந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறார்கள். காலம் யாரை எங்கே கொண்டுபோய் வைக்கிறது பார்.

அந்த 'ஙீ' நான் சேர்த்ததுதான். பூதம் தனியாக இருக்கிறதே, கூட ஒரு துணை இருக்கட்டும் என்று தோன்றியது. குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்களா? கெட்டிக்காரர்கள்.

போன் பண்ணவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஸ்டுடியோவில் பொழுது விடிந்து பொழுது போனால் சத்தம். வீட்டுக்கு வந்தும் போனைக் காதில் வைக்க மனம் வருவதில்லை. நீ எழுது. உன் எழுத்தைப் படிக்கத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 3

அருமை அண்ணா,

எல்லாரும் நலமாக இருக்கிறோம். டாக்டர் கிளினிக்கில் மட்டும் ஊர்ப் பல்லெல்லாம் ஒரே நாளில் சொத்தையான மாதிரி கூட்டம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உன் குறும்புக்கு நான் பேர் வைத்துவிட்டேன். ஙிங்கிணி! பூதத்தின் காதுக்குள் குடியிருக்கும் பூச்சி. உள்ளே நாற்காலி, கட்டில், சின்ன ஜன்னல் எல்லாம் போட்டு வசதியாக இருக்கிறாள். பூதத்துக்கு யோசனை சொல்வதெல்லாம் அவள்தான். பூதத்துக்கு மட்டும் அவள் குரல் கேட்காது. அது தன் சொந்த யோசனை என்று நினைத்துப் பெருமையடித்துக்கொள்ளும். கிளினிக்கில் பல் பிடுங்க வந்து அழுத ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். அழுகையை விட்டுவிட்டு டாக்டரின் காதை எட்டி எட்டிப் பார்த்தான்.

செயலிக்கார அம்மாள் துள்ளிக் குதிக்கிறார். தொடரில் கதையோடு திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும் ஙிங்கிணி எங்கேயாவது ஒளிந்திருப்பாளாம். குழந்தை அவளைத் தொட்டால் பேசுவாளாம். அதனால் எனக்கு அவள் சிரிப்பு வேண்டும், அழுகை வேண்டும், தும்மல் வேண்டும், ஒரு கோபமும் வேண்டும். நீதானே அவளைப் பெற்றவன், நீயே செய்து கொடு. ஏப்ரல் முடிவதற்குள் முதல் பகுதி அவர் கைக்குப் போகவேண்டும். பிந்தினால் ஒலி வேலையைத் தங்கள் ஆட்களிடமே கொடுத்துவிடுவாராம். அதெல்லாம் நடக்காது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். என் மானம் உன் கையில்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

வாயாடித் தங்கை


மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்கு உடனே எழுத முடியாமல் போனது. இங்கே வேலை தலைக்கு மேல்.

நீ கேட்ட சிரிப்பு, அழுகை, தும்மல், கோபம் எல்லாவற்றையும் செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஒன்று யோசித்தேன். செயலிக்காரர்களிடம் நல்ல கருவிகள் இருக்கும், சின்ன வயது ஆட்கள் இருப்பார்கள். ஒலி வேலையை அவர்களே பார்த்துக்கொண்டால் உனக்கு அலைச்சல் இல்லை. நான் எங்கேயோ இருக்கிறேன், நீ எங்கேயோ இருக்கிறாய். இதில் என்ன கௌரவம் பார்க்க இருக்கிறது? நன்றாக யோசித்து முடிவு செய்.

சுண்டுவுக்குப் பல் முளைத்ததா?

அண்ணன்


மார்ச் 7

அண்ணாவுக்கு,

நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். மற்றவர்கள் நலம்.

உன் ஙிங்கிணி சிரித்தாள். சுண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று குரைத்தது. இவர் என்னவென்று பார்க்க ஓடிவந்து, பல் டாக்டரின் துளையிடும் மெஷினைத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேனா என்றார். தும்மல் அதைவிட மோசம். அழுகையும் கோபமும் ஒரே சத்தம். அண்ணா, நீ இதைக் கேட்டுப் பார்த்துத்தான் அனுப்பினாயா?

அதுகூடப் போகட்டும், திருப்பிச் செய்துகொள்ளலாம். வேலையை வேறு ஆளிடம் கொடு என்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை. மாடிப்படிக் கதைக்கு நீ திட்டிய திட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். 'படி தெருவுல இறங்கற இடத்துல நீயே முதல்ல சிரிச்சிடற. குழந்தை சிரிக்கட்டும், நீ பொறு' என்றாய். யார் எனக்கு அப்படிச் சொல்வார்கள்? பூதம், பூச்சி என்று நான் எழுதுவது உனக்கு இப்போது சில்லறை வேலையாகத் தெரிகிறதா? பெரிய ஸ்டுடியோவில் பெரிய வேலை பார்க்கிறவன் என்பதாலா? அப்படியானால் நேராகச் சொல்லிவிடு. நான் தாங்கிக்கொள்வேன். சுற்றி வளைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணியின் உடம்பு எப்படி என்று எழுது.

தங்கை


மார்ச் 26

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு நேரமில்லை. அவர்களிடமே கொடுத்துவிடு. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உன் நாலு வரிக் கடிதத்தைப் பார்த்து வந்த ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் கதைகளை நானே கேட்டேன். அப்படி என்னதான் வெட்டி முறித்துவிட்டாய், அதையும் பார்த்துவிடலாம் என்று. கூசத்தான் செய்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

மாடிப்படிக் கதை துடைத்து வைத்த தரை. ஒரு தூசி இல்லை. மழைக் கதையில் குருவி ஒன்று கத்துகிறது. இவர் சாவிக்கொத்தைக் கழற்றி மாட்டுவது கேட்கிறது. பூதக் கதையில் டம்ளரில் கரண்டி தட்டுகிறது, நான் காகிதம் புரட்டுகிறேன், என் 'ஸ்' எல்லாம் சீறுகிறது. ஆனால் தெருவில் போன லாரியைக் காணோம். மாடியில் கட்டில் நகர்த்தினார்கள், அதைக் காணோம். என் வயிறு உறுமியது, அதைக்கூட எடுத்துவிட்டாய். தடித்த சத்தம் ஒன்றுகூடத் தப்பவில்லை. கீச்சென்ற மெல்லிசுச் சத்தம் ஒன்றுகூட மாட்டவில்லை.

எவ்வளவு உற்றுக் கேட்டும் அந்த 'ஙீ' மட்டும் என் காதில் விழவில்லை. சுண்டுவைக் கூப்பிட்டேன். "அது உன் புது மேஜை விளக்குமா. அதைப் போட்டா அப்பிடித்தான் கத்தும். உனக்குக் கேக்காதா?" என்கிறாள். எல்லாருக்கும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கேட்காது, சரி. இத்தனை கீச்சுச் சத்தம் குழந்தைகளுக்குத்தான் கேட்குமாம், வயது ஏறினால் விழாதாம். அலமாரிக்குள் கொசு பறந்தால் இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்கிறவனுக்குமா கேட்காது?

நீ அந்தச் சத்தத்தைச் சேர்க்கவில்லை. அது இருந்ததே உனக்குத் தெரியாது. நான் கேட்டதும் சேர்த்தேன் என்று சொல்லிவிட்டாய். பிறகு கேட்காத ஒரு குரலைத் திரையில் ஓடும் ஒலி அலைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறாய். போன் வேண்டாம் என்றதும் இதற்காகத்தானே?

உன் காதுக்கு என்ன ஆயிற்று அண்ணா? எத்தனை நாளாக? நீ நலமா?

தங்கை


மே 4

என் அன்பு நாத்தனாருக்கு,

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகம்தானே? என் முதுகு இப்போது தேவலை. உன் அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை என்று நீ துடித்துக்கொண்டிருப்பாய். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் படிக்கிறார், பதில் எழுதப் பேனாவைத் தொடுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்தது சரி. இரண்டு காதிலும் கீச்சென்ற மெல்லிய சத்தம் விழுவதில்லை. போன வருஷத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. இத்தனை வருஷம் ஹெட்போனில் உரக்க வைத்துக் கேட்டது, அதோடு வயதும் சேர்ந்துகொண்டது என்று டாக்டர் சொன்னார். ஸ்டுடியோவில் தெரிந்துபோயிற்று. வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்கள். ஆனால் ஒலி பார்க்கும் அறையிலிருந்து எடுத்து, மைக்கும் ஒயரும் அடுக்கிவைக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். யார் எதை எடுத்துப் போகிறார்கள், திருப்பி வைத்தார்களா என்று பார்க்கிற வேலை. அவர் கற்றுக்கொடுத்த பையன்கள் வந்து அவரிடம் ஒயர் வாங்கிப் போகிறார்கள்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவளுக்கு நான் செஞ்சு குடுக்கிறது ஒண்ணுதான் பாக்கி இருக்கு. அதையும் பறிச்சிடாத" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். காது மெஷின் வாங்கியாயிற்று. பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதை மாட்டினால் எல்லாம் முடிந்துபோனதாக அர்த்தமாம். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீ சொன்னால் கேட்பார். அழுது எழுதாதே, அவருக்கு அது ஆகாது. சண்டை போடு.

சுண்டுவுக்கு என் முத்தம்.

அண்ணி


மே 10

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. யார் சொன்னது என்று விசாரணை வைக்காதே.

நான் இரண்டு நாள் அழுதேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. நேற்று லீவு போட்டுவிட்டுச் செயலிக்கார அம்மாளைப் பார்க்கப் போனேன். கெடு முடிந்துவிட்டது, எங்கள் ஆட்களை வைத்துத் தொடங்கலாமா என்றார். இரைச்சல் எடுக்கிற வேலையை உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும், நான் கதை படிப்பது எப்படி இருக்க வேண்டும் என்பதை எங்கள் அண்ணன்தான் பார்ப்பார், அவர் சரி என்று சொல்லாமல் ஒரு வரி வெளியே போகாது என்று சொன்னேன். "அவருக்குக் காது சரியா கேக்கலைங்கிறீங்க. அப்புறம் என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நான் எந்த இடத்துல பொய்யா பேசறேன்னு அவருக்குத்தாங்க தெரியும்" என்றேன். காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் ஜூன் நடுவரைக்கும் அவகாசம் கொடுத்தார்.

குருவியை எடுக்கவும் கரண்டியை எடுக்கவும் ஆயிரம் பேர் கிடைப்பார்கள் அண்ணா. அதற்காகவா உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாய்? வேலையில் ஒரு பாதி உன் கையை விட்டுப் போய்விட்டது. போனது போனதுதான், இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். மிச்சப் பாதிக்கு வேறு ஆள் கிடையாது. அதையும் நீ தூக்கிப் போட்டால் நான் மன்னிக்க மாட்டேன். அந்தப் பெட்டியைப் பிரித்து மெஷினை மாட்டு. உனக்காக வேண்டாம், எனக்காக மாட்டு. என் பிழைப்பு இதில் இருக்கிறது.

தொடரின் முதல் பகுதியைப் பேசி இதோடு அனுப்பியிருக்கிறேன். பூதம் முதல் தடவையாக ஒரு ரகசியம் சொல்லும் கதை. பெருமைக்குச் சொல்லவில்லை, நான் இதுவரை பேசியதிலேயே இதுதான் பிரமாதம். நானே கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சரி என்று ஒரு வார்த்தை எழுது. நீ எழுதும்வரை இது என்னை விட்டு எங்கேயும் போகாது.

அண்ணியை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். சுண்டுவும் மாப்பிள்ளையும் நீயும் நலம்தானே?

மெஷின் மாட்டிக்கொண்டுவிட்டேன். முதல் நாள் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. சட்டை போட்டால் சட்டை சத்தம் போடுகிறது. உன் அண்ணி பேப்பரை மடித்தால் வீட்டுக் கூரை சரிகிற மாதிரி இருக்கிறது. போகப் போகப் பழகும் என்கிறார் காது டாக்டர். பழைய காது திரும்ப வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

ஏன் மறைத்தாய் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வெட்கமாக இருந்தது. காதை வைத்துப் பிழைத்தவன் காது போனது என்று எந்த வாயால் சொல்வான்? ஸ்டுடியோவில் என் நாற்காலியை எடுத்தார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீயும் ஒருநாள் தயங்கித் தயங்கி, அண்ணா நீ ஓய்வு எடுத்துக்கொள் என்று எழுதுவாய் என்று பயந்தேன். நீ எழுதுவதற்குள் நானே கழன்றுகொள்ளலாம் என்று பார்த்தேன். உன் கதைகளைச் சில்லறையாக நினைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி வேலையைப் பேசுவோம். நீ அனுப்பியதைக் கேட்டேன். முதல் தடவை கேட்டபோது உன் குரல் வந்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது, கதை காதில் ஏறவில்லை. மறுபடி கேட்டேன். கோபம் வந்தது. பிரமாதம் என்று எப்படி எழுதினாய்? இது சரியில்லை.

ஒவ்வொரு வார்த்தையையும் பிட்டுப் பிட்டுத் தட்டில் வைக்கிறாய். பூதம் மூச்சு வாங்க ஓடிவருகிற இடத்தில் நீ நின்று நிதானமாகப் பேசுகிறாய். அந்த ரகசியத்தைச் சொல்லும் இடத்தில் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறாய். ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. அலமாரிக்குள் நின்றுகொண்டு நீ குழந்தைகளுக்குக் கதை சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருக்கிறாய். அண்ணனுக்குக் கேட்க வேண்டுமே, புரிய வேண்டுமே என்று உன்னை அறியாமல் குரலை உயர்த்திவிட்டாய்.

குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ரகசியத்தை ரகசியமாகவே சொல். எனக்குக் கேட்கவில்லையென்றால் மெஷினில் சத்தத்தைக் கூட்டிக்கொள்வது என் பாடு. முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பேசி அனுப்பு.

உன் அண்ணன்